இரண்டு கண்ணி

சாணைக்கல் பூட்டிய சைக்கிளை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்த பெரியவர், செயினைக் காட்டிக் கேட்டது ஒன்றுதான். "இரண்டு கண்ணியை எடுத்துவிடு தம்பி, சக்கரத்தைத் தொடாதே." கேட்டபடியே செய்தேன். செய்து முடித்துவிட்டு, "தேய்ந்த செயின் ஐயா இது. சக்கரத்தின் பல்லில் நிற்காமல் தாவி, காலில் அடிபட்டால் என் கடைக்கு வந்து நிற்காதீர்கள்" என்றேன். செய்த வேலையைப் பற்றி எனக்குச் சங்கடம் இல்லை. சொன்ன சொல்லைத்தான் பஞ்சர் ஒட்டும்போதும் ரிம் கோட்டம் எடுக்கும்போதும் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

அளந்து பார்க்காமல் சொல்லவில்லை. ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். 24 கண்ணியை இழுத்துப் பிடித்து ஸ்கேல் வைத்தால் 12 அங்குலம் வர வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலே மாற்றச் சொல்லிவிடுவேன். அவருடையது பன்னிரண்டே கால் காட்டியது. இரும்பு இழுபட்டு நீண்டதல்ல அது. கண்ணிகளைக் கோக்கும் சிறு கம்பியான பின் ஒவ்வொன்றும், அது உட்கார்ந்திருக்கும் புஷ் என்ற குழலும் உள்ளுக்குள் தேய்ந்து, அந்த இடைவெளியெல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. இரண்டு கண்ணியைக் கழற்றினால் தொய்வு போகும். மற்றக் கண்ணிகளின் தேய்மானம் எங்கே போகும்? இதைத் தெரிந்து வைத்திருப்பவன் வாயை மூடிக்கொண்டு காசு வாங்கலாமா?

அந்த வண்டியில் செயின் சீக்கிரம் தேயத்தான் செய்யும். கல்லிலிருந்து பறக்கும் தூள், கத்தியிலிருந்து உதிரும் இரும்புப் பொடி, சொட்டும் தண்ணீர் எல்லாம் எண்ணெயில் ஒட்டிக் கறுப்புக் களிம்பாகிக் கிடந்தது. ஊரார் கத்திக்குச் சாணை பிடித்தவர் தம் செயினுக்கும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியில் நின்ற எண்ணெயைத் துணியால் துடைத்தேன். இதை அவர் கேட்கவில்லை. இதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. இதை இங்கே எதற்காக எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது, இருக்கட்டும்.

சாதாரண வண்டியாக இருந்தால் பின் சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் சமமாக நிறுத்தி முடுக்குவேன். செயினின் நடுவில் விரலை வைத்தால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எந்த இடத்தில் மிகவும் இறுகுகிறதோ அங்கே பார்த்து வைக்க வேண்டும். முன் பல்சக்கரம் எந்த வண்டியிலும் அச்சுப் பிசகாத வட்டமாக இருப்பதில்லை. அவர் வண்டியில் இதற்கெல்லாம் வழியில்லை. ஸ்டாண்டு போட்டு மிதிக்கும்போது பின் சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் முன்னாலிருக்கும் கல்லுக்குப் போகிறது. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால் பெல்ட் விறைத்துக் கல் சுற்றாது. அவர் செயினில் 112 கண்ணி. கூடியிருந்த நீளத்தை முழுச் செயினுக்கும் கணக்குப் போட்டேன். ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே வந்தது. இரண்டு கண்ணி என்பது சரியாக ஓர் அங்குலம். ஸ்கேலைத் தொடாத மனிதர் அந்தக் கணக்கோடுதான் கடைக்கு வந்திருக்கிறார்.

அப்படியிருந்தும் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒருவர் இதேபோல் "இப்போதைக்கு ஓட வை" என்று கேட்டு, நானும் ஓட வைத்து, மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது பல் தாவி விழுந்துவிட்டார். மறுநாள் அவருடைய மைத்துனர்கள் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். மாற்றச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அன்றிலிருந்து நாலு பேர் காதில் விழும்படிதான் எச்சரிக்கிறேன். அது வாடிக்கையாளருக்கான எச்சரிக்கையா, என் கடைக்கான காவலா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஆனால் பெரியவர் மேம்பாலம் ஏறுகிறவரா? தெருத் தெருவாகக் குரல் கொடுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறவர். மிதிப்பதெல்லாம் நின்ற இடத்தில். மேலும் தேய்ந்த செயினும் அதோடு சேர்ந்து தேய்ந்த ஃப்ரீவீல் என்ற பின் பல்சக்கரமும் ஒன்றுக்கொன்று பழகிப் பல நாள் ஓடும். புதுச் செயினை மட்டும் மாட்டினால்தான் பழைய பல்லில் உட்காராமல் தாவும். அதனால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவும் அப்படி. அவர் கேட்டதுதான் அந்த வண்டிக்குப் பொருத்தமான வேலை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. மறுபக்கம், கத்தியைக் கல்லில் அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் பெடல் சட்டென்று நழுவினால் கை என்னாகும் என்றும் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் நான் காலைச் சொல்லியிருக்கக் கூடாது, கையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. "அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவேன் தம்பி, உன் கடைக்கு எதற்கு வருகிறேன்?" என்று கேட்டுவிட்டு, காசை எண்ணி என் கையில் வைத்தார். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு அவர் குரலை எங்கள் தெருவில் கேட்கவில்லை. அந்த மனிதர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், ஒரு தெருவுக்கு எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இதற்கு நான் பொறுப்பு என்று நினைப்பதே கொஞ்சம் அதிகப்படி.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளோடு ஒரு பையன் வந்தான். செயின் அடிக்கடி இறங்குகிறதாம். அளந்தேன், மாற்ற வேண்டிய செயின்தான். அப்பா இரண்டு கண்ணியை எடுத்துவிடச் சொன்னாராம். எடுத்தேன். செயினின் இரு முனையையும் சேர்க்கும் கிளிப்பான செயின் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி மாட்டி, பெடலைச் சுற்றிக் காட்டினேன். எழுந்து நின்று மிதிக்காதே என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விழுந்தால் என் கடைக்கு வரக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன், பக்கத்து டீக்கடைக்குக் கேட்கும்படி. அவன் "சரி அண்ணா" என்று சொல்லி, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனான்.