காய்ச்சல் விடும் நேரம்தான் கவனம்

மாரி தொடங்கினால் கல்லடிப் பக்கம் நுளம்புக்கும் டெங்குக்கும் குறைவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நிறைக்கேற்ற அளவில் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் கொடுங்கள். இபுபுரோஃபன், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். டெங்கு என்றால் அவை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். மூன்றாம் நாளாவது இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

எனக்குப் பயம், காய்ச்சல் விடும் நேரம்தான். "உடம்பு குளிர்ந்திட்டு, இனிச் சுகம்" என்றா மாமி. சின்னவனின் கையைப் பிடித்தேன்: உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, வயிறு நோகுதென்று முனகினான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

இந்தக் குறிகளில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். 1990 அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர் கொடுக்கலாம். சிவப்புப் பானம் கொடுத்தால் வாந்தியில் இரத்தம் போனாலும் தெரியாது.