பேய் ஏன் ஆற்றங்கரையில் நின்றுவிடுகிறது?

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களின் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் வேலை. துரத்தி வரும் தீய சக்தி ஆற்றைக் கண்டதும் நின்றுவிடும் காட்சி என் மேசைக்கு அடிக்கடி வரும். பக்க ஓரத்தில் "ஏன்?" என்று எழுதிவிடுவேன்.

"அது மரபுதானே?" என்பார்கள். மரபுக்கும் காரணம் இருந்தது. ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597இல் வெளியிட்ட பேயியல் நூலில், ஞானஸ்நான நீரை உதறிய சூனியக்காரர்களைத் தண்ணீர் தன் மடியில் ஏற்காது என்கிறார். அங்கே தண்ணீருக்கு ஆள் தெரியும். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவோ (1897) ஓடும் நீரைக் கடக்கக் கடலின் ஏற்ற இறக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு வலிமை இருந்தாலும் அந்த விதி அவன் போட்டதல்ல. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் மந்திர மோதிரத்தைத் தேடி வரும் கருப்புக் குதிரை வீரர்களும் தண்ணீருக்கு அஞ்சுபவர்கள். ஏன் என்று தந்தை எங்குமே விளக்கவில்லை என்று மகன் கிறிஸ்டோபர் 1980இல் பதிப்பித்த தொகுப்பில் குறிப்பிடுகிறார். வழியில் இருந்த மற்ற ஆறுகளை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்ற கேள்வியையும் விடாமல் எழுப்புகிறார். பதிப்பாசிரியர் என்றால் இப்படி இருக்க வேண்டும். அதே குறிப்பில் ஒரு நுட்பமான தகவலும் உண்டு: மோதிரம் போகும் திசையை உணரும் அவர்களின் புலனை ஆறு மறித்துவிடுகிறது.

அண்மையில் ஒரு பிரதியில் இது கைகொடுத்தது. ஆற்றங்கரையில் தயங்கி நின்ற நிழலுருவம், இரண்டு அத்தியாயம் தள்ளி, கொட்டும் மழையில் நனைந்தபடி கதவைத் தட்டுகிறது. எழுதியவரிடம் கேட்டேன்: "இது ஆளை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது?" மண்ணில் பதிந்த காலடியை வைத்து என்றார். அப்படியானால் பயத்துக்கான காரணம் அவர் கையிலேயே இருக்கிறது. ஓடும் நீரில் தடம் நிற்காது. அதில் இறங்கினால் அந்த நிழலுக்குக் கண் போனது போல. அவரும் உடனே பிடித்துக்கொண்டார். மழைக் காட்சியில் நிழல் இப்போது வழி தவறி, வேறு யாருடைய வீட்டு வாசலிலோ போய் நிற்கிறது. பழைய காட்சியைவிட இது பல மடங்கு அச்சமூட்டுகிறது.

அடுத்த சிக்கல் கிணறு. நாயகி அதற்குள் இறங்கி ஒளிகிறாள். ஆனால் தேங்கிய நீர் எதையும் அடித்துக்கொண்டு போகாது. விளிம்புவரை வந்த அவள் காலடியும் ஈர மண்ணில் அப்படியே இருக்கிறது. அந்த அத்தியாயத்தை அவர் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.