முதல் புரோகிராமை எதில் எழுதுவது?

மஞ்சக்குப்பத்தில் கல்லூரி சேர்க்கை நேரத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கு, லேப்டாப்பில் என்ன போட்டுத் தரணும் தம்பி?" என்பதுதான். புரோகிராம் எழுதும் மென்பொருள் என்றால், பாண்டியில் ஐடி வேலை பார்க்கிறவர்கள் விஎஸ் கோட் என்பார்கள், பைசார்ம் என்பார்கள். இரண்டும் நல்லவைதான். நானே வேலைக்கு விஎஸ் கோடைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்கு நான் போட்டுத் தருவது தான்னி (Thonny) என்ற மென்பொருள்.

விஎஸ் கோட் அடிப்படையில் ஒரு எடிட்டர், அதாவது புரோகிராமை எழுதித் திருத்தும் இடம். பைத்தானைத் தனியாக இறக்கி, எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் இணைப்பைச் சேர்த்து, எழுதியதை ஓட்டும் இன்டர்பிரெட்டர் எது என்றும் காட்ட வேண்டும். முதல் வரி எழுதும் முன்பே பிள்ளை சலித்துவிடும். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த தான்னி, புதிதாகக் கற்பவர்களுக்கென்றே செய்யப்பட்டது. அதை நிறுவினால் பைத்தானும் கூடவே வந்துவிடும். பழைய லேப்டாப்பையும் திணறடிக்காது.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது, புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டும் டீபக்கர். 2 + 3 * 4 என்று எழுதி ஒவ்வொரு படியாக ஓட்டினால், முதலில் 3 * 4 இருந்த இடத்தில் 12 வந்து உட்காரும், அப்புறம் மொத்தமும் 14 ஆகும். பிளஸ் டூ படித்த என் அக்கா மகளுக்கு ரிகர்ஷன் (ஒரு புரோகிராம் துண்டு தன்னையே மறுபடி அழைப்பது) பிடிபடவே இல்லை. தான்னியில் ஃபேக்டோரியல் 4-ஐ (4 × 3 × 2 × 1) ஓட்டிக் காட்டினேன். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஒரு ஜன்னல் திறந்தது. நான்கும் திறந்த பின், கடைசியாகத் திறந்தது 1 என்ற விடையோடு முதலில் மூடியது. அடுத்தது 2, அப்புறம் 6, கடைசியில் 24. "மாமா, உள்ள இதுதான் நடக்குதா? இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள். தனக்குப் பதிலாக எழுதித் தரும் கருவியைவிட, தான் எழுதியது உள்ளே என்ன ஆகிறது என்று காட்டும் கருவிதான் புதியவருக்கு வேண்டும். அதனால்தான் தானாக வரி நிரப்பும் ஏஐ உதவிகளையும் ஆரம்பத்தில் அணைத்துவைக்கச் சொல்கிறேன்.

கல்லூரி லேபில் சி++ மொழிக்கு இன்னும் நீலத் திரை டர்போ சி++ என்ற பழைய மென்பொருளே இருந்தால், தேர்வுக்கு அதன்படியே எழுதுங்கள், வேறு வழியில்லை. ஆனால் அது 1998-இல் வந்த சி++-இன் முதல் ஐஎஸ்ஓ தரநிலைக்கும் முந்தையது. வீட்டில் சி++ எழுத கோட்பிளாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு, எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரோடு சேர்ந்த தொகுப்பாகவே கிடைக்கிறது.

தான்னியிலேயே கடைசி வரை இருக்க வேண்டியதில்லை. அக்கா மகள் அவள் அப்பாவின் ஐஸ் கடைக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதுகிறாள். கடலூர் துறைமுகத்தில் எந்தப் படகு எத்தனை பெட்டி ஐஸ் எடுத்தது, பாக்கி எவ்வளவு என்று கணக்கு வைப்பது அது. அது மூன்று ஃபைல்களாகப் பிரிந்து, பழைய வடிவங்களைப் பாதுகாக்க கிட் (Git) என்ற கருவியும் தேவைப்பட்டபோது, நானே விஎஸ் கோட் போட்டுக் கொடுத்தேன்.