மோதிரத்துக்கு எந்த உலோகம்: காரைக்குடி நாட்குறிப்பு

2024 நவம்பர் 3, ஞாயிறு

தையில் எனக்கு நிச்சயம் என்று பேசி முடித்தாயிற்று. எங்கள் பக்கம் கல்யாண நகை என்றால் கழுத்திரு என்கிற பெரிய தாலி மாலைதான் பேச்சு, மோதிரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கழுத்திரு விசேஷம் முடிந்ததும் பெட்டகத்துக்குள் போய்விடும், மோதிரம் நாள் முழுக்க விரலில் கிடக்கும். அதனால் பெண்ணுக்குப் போடும் மோதிரத்தை நானே பார்த்துப் பார்த்து வாங்க ஆசை. ஒற்றை வைரம் என்பது முடிவு. எதில் பதிப்பது என்பதுதான் கேள்வி.

அப்பச்சிக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) யோசனையே இல்லை. "916, 22 காரட்டே வாங்குப்பா. நாளைக்கு ஒரு அவசரம்னா குறையாமப் போகும்."

நவம்பர் 6, புதன்

கடையில் வெள்ளைத் தங்கத்தையும் பிளாட்டினத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கையில் வாங்கினால் தெரிகிறது. அதே அளவு மோதிரத்தை 95 சதவீத பிளாட்டினத்தில் செய்தால், 18 காரட் தங்கத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கனம் கூடுமாம். கிராம் விலை இப்போது தங்கத்தைவிடக் குறைவு. ஆனால் செய்கூலி அதிகம், திருப்பிக் கொடுக்கும்போது கழிவும் அதிகம். இருந்தாலும் அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது.

நவம்பர் 9, சனி

கட்டிக்கொள்ளப் போகிறவளிடமே கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்கலாம்தான், ஆனால் கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு போக நினைத்தேன். அவள் சிக்ரியில் ஆய்வு மாணவி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். முலாம் பூசுவதெல்லாம் அவர்களுக்கு அன்றாடம்.

"வெள்ளைத் தங்கத்துல நீங்க பாக்குற வெள்ளை, மேல பூசுன ரோடியம்ங்கிற உலோகம். ஒரு மைக்ரான்கூட இருக்காது சில சமயம். தேய்ஞ்சா உள்ள இருக்குற மஞ்சள் சாயல் தெரியும், திரும்பப் பூசணும். சிலதுல நிக்கல் கலந்திருப்பாங்க, எனக்கு நிக்கல் பட்டா அரிக்கும்."

அதோடு வெள்ளைத் தங்கம் பட்டியலிலிருந்து போயிற்று.

ஆய்வகத்தில் என்ன செய்வாய் என்றேன். எந்த உலோகமானாலும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாளாம். பாதரசம் பட்டால் தங்கம் அந்த இடத்திலேயே வெளுத்துவிடும். ராஜ திராவகம் என்கிற அமிலக் கலவையில் தங்கமும் கரையும், பிளாட்டினமும் கரையும். வீட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும்போதும் கழற்ற வேண்டும், காரட் குறைந்த தங்கத்தைக் குளோரின் அரிக்கும் என்றாள். இதை எந்தக் கடையிலும் சொல்லவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

விடாத மழை. எங்கும் போகவில்லை.

நவம்பர் 16, சனி

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக நகை செய்யும் ஆசாரியிடம் போனேன். தன் விரலில் கிடந்த பழைய 22 காரட் மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். மேலே பட்டையாக இருக்கிறது, உள்ளங்கைப் பக்கம் நூலாகத் தேய்ந்து கிடக்கிறது.

"ஓப்பன் செட்டிங்ல கல்லைப் பிடிக்கிறது இத்துனூண்டு கால்தான் தம்பி. 22-ல பண்ணா சீக்கிரம் தேயும், வளையும், கல்லு ஆடும். 18-ல பண்ணுங்க, பிடி நிக்கும்."

22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 18-ல் 75 பங்கு. மீதி பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். அந்தச் செம்புதான் உறுதி தருகிறது, கூடினால் நிறம் சிவக்கும். பிளாட்டினத்தைப் பற்றிக் கேட்டதும் கையை விரித்துவிட்டார். தங்கம் 1,064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். அவர் பட்டறையில் அது நடக்காது. பின்னால் விரல் பருத்தால் பிளாட்டினத்தைத் தூக்கிக்கொண்டு வெளியூர்தான் போக வேண்டும். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. ஐம்பது வருஷம் போடப்போகிற மோதிரத்தை ஊரிலேயே செப்பனிட முடிய வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

18 காரட் மஞ்சள் தங்கம் என்று அவளும் நானும் முடிவு செய்துவிட்டோம். கனத்தை விட மனசில்லாமல் பட்டையைக் கொஞ்சம் தடிமனாகக் கேட்டிருக்கிறேன். பொருள் கைக்கு வரும்போது பிஐஎஸ் தர முத்திரை, 18K750 என்கிற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் எச்யுஐடி அடையாளக் குறி மூன்றும் உள்பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த எச்யுஐடியைப் பிஐஎஸ் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

அப்பச்சியிடம் பழைய மோதிரத்தின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, கல்லு நிக்கணும்ல. வைரத்துக்கும் சர்டிபிகேட் கேட்டு வாங்கிரு" என்றார்.