சாரலில் இறுகிய கதவு

தென்காசியில் எங்கள் வீட்டு அடுக்களைக்கு நானே ஒரு சுவர் அலமாரி செய்துவிடுவது என்று மாசியில் இறங்கினேன். இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஒரே கதவு. பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட். கதவுக்கு மட்டும் தேக்கு. செங்கோட்டையில் ஒரு மரக்கடையில், பழைய வீட்டு உத்தரத்தை அறுத்த பலகை கிடைத்தது.

முதல் மூன்று வாரம் உளி தீட்டுவதிலேயே போனது. 25 பாகைச் சரிவு, நுனியில் மட்டும் 30. மரத்தின் வெட்டுமுனையில் வைத்துத் தள்ளினால் பொடியாக உதிராமல் சுருளாக வர வேண்டும். அது வந்த நாளில்தான் வேலையே தொடங்கியது என்பேன்.

அப்புறம் கழுந்தும் துளையும். ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கும் முளைதான் கழுந்து; அது மற்றச் சட்டத்தின் துளைக்குள் இறங்கும். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு என்பது கணக்கு. என் சட்டம் 21 மி.மீ., அப்படியானால் 7. ஆனால் கையில் இருந்த உளி 6 மி.மீ. என்பதால் கழுந்தையும் 6-க்கே இழைத்தேன். துளையை உளியின் அகலத்துக்கு வெட்டிவிட்டு, அதற்குப் பொருந்தக் கழுந்தைச் சரிசெய்வதுதான் சுலபம். பூவரசு கழிவுத் துண்டுகளில் ஆறு மூட்டு வீணாக்கிய பிறகு, ஏழாவது கையழுத்தத்திலேயே இறுக்கமாக உட்கார்ந்தது. பங்குனிக் கடைசியில் கதவு தயார். நடுப்பலகையைக் காடிக்குள், அதாவது சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், இடைவெளியே இல்லாமல் செருகி, சுற்றிலும் பசை போட்டேன். உறுதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆனியில் சாரல் கட்டியது. ஒரு வாரத்தில் கதவு பெட்டியில் இறுகி, திறக்க வரவில்லை. நெம்பித் திறந்து பார்த்தால், குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில் 2 மி.மீ. விரிசல்.

அடுத்த தெரு ஆசாரியைக் கூட்டி வந்து காட்டினேன். “ஏம்மா, பலகையைச் சுத்திப் பசை போட்டுட்டியா? காத்துல ஈரம் ஏறுனா மரம் அகலத்துல பெருக்கும்லா. அதுக்கு எடம் விடாண்டாமா?” என்றவர், எங்கள் வாசல் கதவுக்கே அழைத்துப் போய் நடுப்பலகையைத் தட்டினார். லேசாக ஆடியது. தாத்தா காலத்துக் கதவு. அந்த ஆட்டத்தைப் பழசாகிப்போனதன் தேய்மானம் என்றே இத்தனை வருடம் எண்ணியிருந்தேன். பலகை காடிக்குள் சும்மா நிற்கிறது. எந்தப் பக்கமும் ஒட்டவில்லை.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் எல்லாம். பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது, மரத்தின் ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே சுமார் 2.5 சதவீதமும், வளையங்களின் போக்கில் அதைப்போல இரு மடங்குக்கு மேலும் சுருங்கும். காய்ந்த பழைய மரமும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் பெருத்துச் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. என் பெட்டி அசையாமல் நிற்க, கதவு மட்டும் பெருத்தது இதனால்தான்.

ஒட்டிய கழுந்து கழன்று வரவில்லை, உடைந்துதான் வந்தது. குறுக்குச் சட்டம் இரண்டையும் ஆடியில் புதிதாகச் செய்தேன். காடி ஆழம் 8 மி.மீ. ஈர நாளில் செய்வதால் பலகை ஏற்கெனவே பெருத்த நிலையில் இருக்கிறது. அதனால் பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடைவெளி போதும் என்றார் ஆசாரி. கோடையில் செய்தால் இன்னும் கூட விட வேண்டுமாம். மேலும் கீழும் நட்டநடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை. சுருங்கினாலும் இரு பக்கமும் சமமாகச் சுருங்கும். சட்டத்துக்குள் போடும் முன்பே பலகை முழுக்கப் பாலிஷ் பூசினேன். பிறகு பூசினால், கோடையில் பலகை உள்ளே இழுக்கும்போது ஓரத்தில் பாலிஷ் படாத வெளுத்த கோடு தெரியும்.

இப்போது ஆவணி. கதவு ஒரு விரலால் இழுத்தாலே திறக்கிறது. உட்பக்கம், பலகை காடிக்குள் போகும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறேன். சித்திரையில் அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்க வேண்டும்.