14 பேர், ஒரே மெயில் ஐடி

2023 ஏப்ரலில் ஒருநாள் சாயங்காலம், ஆபீஸ் லேண்ட்லைனுக்கு ஒருவர் கூப்பிட்டார். கள்ளக்குறிச்சிப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாராம். "மேடம், நீங்க அனுப்பின மெயில்ல என்னை இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. எனக்கு வயசு நாப்பத்தேழு. வரலாமா?" என்றார். ஒரே நாளில் 14 மெயில், 14 பெயரில் அவருக்குப் போயிருக்கிறது. ஸ்பாம் ஃபோல்டரில் கிடந்ததால் அவர் பார்க்கும்போது இன்டர்வியூ முடிந்து 4 நாள்.

அதற்கு முந்தின மாதம்தான் அரசு கலைக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களைச் சென்னைக்கு வரவழைத்து, பல கம்பெனி ஆட்களோடு உட்கார்ந்து பேச வைத்திருந்தோம். பதிவுப் படிவத்தில் மெயில் ஐடி கேட்டோம். ஸ்காலர்ஷிப்பிலிருந்து தேர்வுக் கட்டணம் வரை எல்லாவற்றையும் அந்த அண்ணன் கடையில்தான் போடுவார்கள், ஓடிபி வந்தால் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். அதே ஐடியை எங்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஐடி 14 முறை வந்திருக்கிறதே என்று எங்கள் பக்கம் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை, நான் உட்பட. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட கம்பெனிக்குப் போன் போட்டேன். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

நான் இருப்பது கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பார்க்கும் சிஎஸ்ஆர் பிரிவில். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, எங்களைப் போன்ற பெரிய கம்பெனிகள் கடந்த 3 வருட சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். செலவழிப்பதில் என்ன கஷ்டம் என்று வீட்டில்கூடக் கேட்கிறார்கள். கழிப்பறை, பெஞ்சு, ஸ்மார்ட் கிளாஸ் என்றால் கஷ்டமே இல்லை. கட்டி முடித்துக் கல்வெட்டு வைத்துவிடலாம். ஓர் அறிமுகத்துக்குக் கல்வெட்டு எங்கே வைப்பது?

இந்தச் சந்திப்பு யோசனையை ஃபைனான்ஸ் சாரிடம் முதலில் கொண்டுபோனபோது ஒரு சர்க்குலரைக் காட்டினார். மாரத்தான், விருது விழா மாதிரி ஒருநாள் கூத்துகளை சிஎஸ்ஆர் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2014லேயே மத்திய அரசு சொல்லியிருக்கிறது. நியாயமான விதிதான். அதனால் எங்கள் சந்திப்பு, 'வேலைவாய்ப்புத் திறன் மேம்பாட்டுத் திட்டம்' ஆனது. "இவங்கள்ல யாரையாவது நாமே எடுத்துடாதீங்கம்மா, அப்புறம் அது ரெக்ரூட்மென்ட் செலவு ஆயிடும்" என்றும் சொன்னார். வேலைக்கு வழிகாட்டும் நிகழ்ச்சி, ஆனால் நடத்துகிறவர் வேலை தரக்கூடாது. பக்கத்துக் கம்பெனிகளைக் கெஞ்சிக் கூப்பிட்டதற்கு இதுதான் காரணம்.

ஏன் இவ்வளவு பாடு? என் கூட வேலை செய்பவரின் பையன் இறுதியாண்டு வந்ததும் பெங்களூர் சித்தப்பாவுக்கு ஒரு போன் போனது. அவர் தன் கம்பெனியில் ரெஃபரல் போட்டார். எடுத்தால் சித்தப்பாவுக்கு போனஸும் உண்டு. ரெஸ்யூமே கட்டுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. சித்தப்பா இல்லாதவர்களுக்குத்தான் வெப்சைட்டில் விண்ணப்பம். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1970களில் வெளியான தன் ஆய்வுக்காக பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களிடம் விசாரித்துப் பார்த்தார். ஆள் மூலம் வேலை பிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு உதவியது நெருங்கியவர்கள் இல்லை, எப்போதாவது பார்க்கும் ஆட்கள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன், ஊருக்குப் போனால்தான் புரிகிறது. அப்பாவுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். ஆனால் அந்த எல்லாருக்கும் தெரிந்தது திருப்பூர் பனியன் கம்பெனியும் ஸ்ரீபெரும்புதூர் கான்ட்ராக்ட் வேலையும்தான். 2022இல் வந்த தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் பிள்ளைகள் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். அதை எடுத்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. நாங்கள் செய்யப் பார்த்தது, ஒருநாளைக்குச் சித்தப்பாவை வாடகைக்குப் பிடிப்பது.

வாடகைப் பணம்தான் தப்பான இடத்துக்குப் போனது. ஆறு லட்சத்தில் பெரும்பகுதி ஹோட்டல் அரங்கு, மேடை, சால்வை, நினைவுப் பரிசு, டிரோன் வீடியோ. மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்பதால் தேதி மார்ச்சில். இறுதியாண்டுக்காரர்களுக்கு அது செமஸ்டர் நெருங்கும் நேரம். இலவச பஸ் பாஸ் வீட்டிலிருந்து கல்லூரிக்குத்தான் செல்லும், பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. நாங்களே பஸ் பிடித்தோம். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பியவர்கள், சாயங்காலம் 5க்குப் புறப்பட்டாலும் வீடு சேர ராத்திரி 10. மதியத்துக்கு மேல் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் எதிரே பேசுகிறவரை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் ஒரு மேசையை மறக்க முடியவில்லை. பி.காம். படிக்கும் பெண், பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து எதிரில் இருந்த மேனேஜரிடம் முதலில் எடுத்து நீட்டியது முதல் பட்டதாரி சான்றிதழ். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா?" என்றார்.

"எல்லா எடத்துலயும் இதத்தான் சார் மொதல்ல கேப்பாங்க."

அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காலேஜ் போக வேறென்ன செய்வாய் என்று பேச்சை மாற்றினார். மதிய ஷிப்டு, அதனால் காலையில் ஊர்ப் பால் சொசைட்டியில் உட்காருவதாகச் சொன்னாள். "பால்ல கொழுப்பு, எஸ்.என்.எஃப்.ங்கிற மத்த சத்து எவ்வளவுன்னு பாத்து ரேட் போடுவேன் சார். மெஷின்ல ஒரு மாட்டுக்குத் திடீர்னு கம்மியா காட்டுச்சுனா, பழைய ஒரு வாரத்தோட ஒத்துப் பாப்பேன். போன்லயே ஷீட் போட்டு வச்சிருக்கேன்." மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 20 நிமிடம் பேசினார்கள். ரெஸ்யூமேயில் பால் சொசைட்டி இல்லை. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் வாசித்தல்' இருந்தது. போட்டோகிராபர் அந்த நேரம் மேடையில் சால்வையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் அந்த 14 பேரில் ஒருத்தி.

அடுத்த முறை ஆகஸ்டில், கல்லூரியிலேயே வைத்தோம். கம்பெனி ஆட்களை வேனில் அங்கே கூட்டிப் போனோம். பேக்டிராப் கிடையாது என்றதும் பிராண்டிங் பிரிவு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தக் கல்லூரியிலேயே படித்துச் சென்னையில் வேலை செய்யும் ஐந்தாறு பேரைத் தேடிப் பிடித்தது பெரிய லாபம். "பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று மேனேஜர்கள் எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளுக்கு வாய் வராது. சீனியர் என்றதும் அண்ணா, அக்கா தானாக வந்தது. சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, ராத்திரி ஷிப்டுக்கு வண்டி வருமா, எல்லாம் அவர்களிடம்தான் கேட்டார்கள்.

பிரவுசிங் சென்டர் அண்ணனை நானே போய்ப் பார்த்தேன். இப்போது இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில் ஐடி திறந்து, பாஸ்வேர்டை அவர்களையே போட வைத்து, போனில் ஏற்றித் தருகிறார். தலைக்கு 20 ரூபாய். ஹோட்டல் பில்லைக் கேள்வி கேட்காமல் பாஸ் செய்த ஆடிட்டர் இதற்கு ஜிஎஸ்டி பில் கேட்டார். அவ்வளவு சின்னக் கடைக்கு ஜிஎஸ்டி எண்ணே கிடையாது, வெள்ளைத் தாளில் கடை சீல் குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது முறையாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.