மாத்திரையோடு பால் குடித்த இரண்டு மாதங்கள்

இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியதால் எடுத்த இரத்தப் பரிசோதனையில், எனக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.2 கிராமும், ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 8 நானோகிராமும் இருந்தன. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு என்றும், என் சேமிப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்றும் விளக்கிய மருத்துவர், இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்து, புரதமும் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். மாதவிடாயில் நான் இழந்துவந்த மிகுதியான இரத்தத்துக்கும் தனியே சிகிச்சை தொடங்கியது.

புரதம் என்றதும் எனக்குத் தோன்றியவை பாலும் முட்டையும்தான். ஒவ்வொரு நாளும் காலையில் புரோட்டீன் பவுடர் கலந்த ஒரு குவளைப் பாலோடு மாத்திரையை விழுங்கி, உடனே இரண்டு அவித்த முட்டைகளையும் சாப்பிட்டேன். ஒரு நாளும் தவறவில்லை. ஆயினும் இரண்டு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 9.5-ஐத்தான் எட்டியிருந்தது.

மாத்திரையை எதனோடு சாப்பிடுகிறேன் என்று மருத்துவர் கேட்டபோதுதான் காரணம் வெளிப்பட்டது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் குடலில் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. பாலின் கால்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள ஃபாஸ்விட்டின் என்னும் புரதமும், சோயாப் புரதமும் இவ்வாறே தடை செய்பவை. இறைச்சியும் மீனும் இதற்கு நேர்மாறானவை: அவற்றிலுள்ள ஹீம் இரும்பு (ஹீமோகுளோபினில் இருக்கும் வடிவிலான இரும்பு) எளிதாக உறிஞ்சப்படுவதோடு, அதே வேளையில் உண்ணும் பயறு, கீரை ஆகியவற்றின் இரும்பையும் உடல் கூடுதலாக ஏற்கும்படி செய்கின்றன. எல்லாப் புரதமும் ஒன்றே என்று நான் எண்ணியிருந்தது எவ்வளவு பெரிய பிழை என்று அன்று உணர்ந்தேன்.

அதற்காகப் புரதத்தைக் குறைப்பதும் சரியாகாது. உறிஞ்சப்பட்ட இரும்பை இரத்தத்தில் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம். இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபினின் பெரும்பகுதியான குளோபினும் புரதங்களே. ஆகவே பாலையும் முட்டையையும் நான் கைவிடவில்லை, மாலைக்கு மாற்றிக்கொண்டேன். நண்பகலில், ஊறவைத்து முளைகட்டிய பயறோடு சிறிய மீன் துண்டொன்றைச் சேர்த்தேன். ஊறவைப்பதும் முளைகட்டுவதும், பயறில் இரும்பைப் பிணைக்கும் ஃபைட்டேட் என்னும் பொருளைக் குறைக்கின்றன.

மாத்திரை உண்ணும் முறையும் மாறியது. ஒரு வேளை மாத்திரைக்குப் பின் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் வரை குடலில் இரும்பு நுழையும் வாயிலை ஓரளவு அடைத்துவிடுவதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் போதும் என்றார் மருத்துவர். வெறும் வயிற்றில், வைட்டமின் சி மிகுந்த பழச்சாற்றோடு சாப்பிட்டேன். தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தேன். முதல் வாரம் குமட்டல் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அடுத்த இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.9 ஆயிற்று. இரத்தப்போக்கு குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஃபெரிட்டின் 19 வரைதான் ஏறியிருக்கிறது. சேமிப்பு கடைசியாகவே நிரம்பும் என்பதால், இன்னும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார்.